மலம் அள்ளிய கையால் விளக்கேற்றலாமா?

வாசகி கேள்வி: எனக்கு 43 வயது, கும்பகோணம் பக்கம். மாமனாருக்குப் பக்கவாதம் வந்து இரண்டரை வருடம் ஆகிறது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. மாமியார் இல்லை. கணவருக்குத் திருப்பூரில் வேலை, சனி இரவு வந்து ஞாயிறு இரவு கிளம்பிவிடுவார். மகன் பிளஸ் டூ. முன்பெல்லாம் பிரதோஷம் தவறாமல் கோயிலுக்குப் போவேன், வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜை, கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம். இப்போது எதுவும் இல்லை. எதிர்வீட்டுப் பெரியம்மா, "மலமூத்திரம் அள்ளுற கையால சாமி விளக்கைத் தொடாதே, வீட்டுக்கு ஆகாது" என்று சொன்னதிலிருந்து விளக்கேற்றுவதையும் நிறுத்திவிட்டேன். நாத்தனார் மாதாமாதம் திருவண்ணாமலை கிரிவலம் போய் போட்டோ அனுப்புகிறார், அப்பாவைப் பார்க்க வந்து ஐந்து மாதம் ஆகிறது. போன மாதம் ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு, மூன்றாவது தடவை துணி மாற்றும்போது மாமனார் என் புடவையைப் பிடித்து இழுத்தார், நான் அவர் கையில் அடித்துவிட்டேன். அவர் அழுதார். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. கோயிலுக்குப் போகவும் மனம் வரவில்லை. எனக்குப் பக்தி போய்விட்டதா? சாமி என்னைக் கைவிட்டுவிட்டதா?

பதில்:

அம்மா, முதலில் அந்தக் கை விஷயத்தை முடித்துவிடுவோம், ஏனென்றால் அது என் கையும்தான். 31 வருடம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன், ஓய்வு பெற்ற பிறகு உங்களைப் போல வீட்டில் படுக்கையாக இருப்பவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஆலோசனை சொல்கிறேன். இந்தக் கை அள்ளாதது எதுவும் இல்லை. நைட் டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு அதே கையால்தான் கோலம் போட்டேன், விளக்கேற்றினேன், பிள்ளைகளுக்குச் சோறு பிசைந்து ஊட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. சோப்புப் போட்டு, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண் எல்லாம் தேய்த்து அரை நிமிடம் கழுவினால் அந்தக் கை சுத்தமான கை. சோறு பிசையத் தகுந்த கை என்றால் திரி போடவும் தகுந்த கைதான். கைக்குழந்தை வீட்டில் இருக்கும்போது எந்த அம்மா பீத்துணி அலசாமல் இருந்தாள், எந்த வீட்டில் அதற்காக இரண்டு வருடம் விளக்கேற்றாமல் இருந்தார்கள்? குழந்தைக்குச் செய்தால் பாசம், கிழவருக்குச் செய்தால் தீட்டு, இது என்ன கணக்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சாமி இதைப் பற்றி என்ன நினைக்கும் என்பதுதான் உங்கள் பயம் என்றால், உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் இரண்டரை மூன்று மணி நேரத்தில் போய்விடக்கூடிய திருச்சி மலைக்கோட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே சாமிக்குப் பெயர் தாயுமானவர். இரத்தினாவதி என்ற பெண்ணுக்குப் பிரசவ நேரம், பூம்புகாரிலிருந்து வரவேண்டிய அவள் அம்மா காவிரியில் வெள்ளம் வந்து அக்கரையில் மாட்டிக்கொண்டாள், சிவபெருமான் அந்த அம்மாவின் உருவத்தில் வந்து பிரசவம் பார்த்துவிட்டுப் போனார் என்பது தலபுராணம். வெள்ளம் வடிந்து நிஜமான அம்மா வந்து நின்றபோதுதான் விஷயமே தெரிந்தது. இன்றும் சுகப்பிரசவம் ஆனால் வாழைத்தார் வைக்கிறேன் என்று வேண்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கதையை நான் லேபர் வார்டில் இருந்தபோது அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பிரசவம் பார்ப்பது என்றால் என்ன என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ரத்தம், பனிக்குடத் தண்ணீர், சில சமயம் மலமும் சேர்ந்தே வரும். அதையெல்லாம் கையால் ஏந்திய சாமியை லிங்கமாக வைத்துக் கும்பிடுகிற ஊர் நம்முடையது. (எங்கள் தொழில் பார்த்த சாமி என்று எனக்கு அவர்மேல் கொஞ்சம் தனிப் பாசம் உண்டு.) உங்கள் கையைப் பார்த்து முகம் சுளிப்பவராக அவர் இருக்க முடியாது.

இன்னொருவரையும் சொல்லிவிடுகிறேன். பெரிய சிவன் கோயில் பிராகாரத்தில் அறுபத்து மூவரும் வரிசையாக நிற்பார்கள், கும்பகோணத்துக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதில் திருக்குறிப்புத் தொண்டர் என்று ஒருவர். காஞ்சிபுரத்தில் துணி வெளுத்தவர். அடியார்களின் அழுக்குத் துணியை வாங்கித் துவைத்துக் கொடுத்தார், அவ்வளவுதான் அவர் செய்த தொண்டு. ஒரு குளிர்காலத்தில் மெலிந்த கிழவர் ஒருவர் கந்தைத் துணியோடு வந்தார். பொழுது சாய்வதற்குள் உலர்த்திக் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் குளிர் தாங்காது என்றார். சரி என்று வாங்கித் துவைத்தார், மழை பிடித்துக்கொண்டது, விடவே இல்லை. சொன்ன நேரத்துக்குத் துணியைக் கொடுக்க முடியவில்லையே, ஒரு கிழவரைக் குளிரில் நடுங்க விட்டுவிட்டோமே என்று துவைக்கிற கல்லிலேயே தலையை மோதிக்கொண்டார், கல்லுக்குள்ளிருந்து ஒரு கை வந்து பிடித்துக்கொண்டது. எனக்கு இதில் பிடித்தது கை வந்த இடம். கருவறையிலிருந்து வரவில்லை, துவைக்கிற கல்லிலிருந்து வந்தது.

அவர் பெயரையும் பாருங்கள். வாய் திறந்து கேட்பதற்கு முன்பே, முகத்தைப் பார்த்து, நிற்கிற விதத்தைப் பார்த்து, இன்னது வேண்டும் என்று தெரிந்துகொண்டு செய்தவர் என்பதால் குறிப்புத் தொண்டர். பேச்சுப் போனவரைப் பார்த்துக்கொள்கிற உங்களுக்குக் குறிப்பு என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டுமா? கண்ணை இப்படி உருட்டினால் தண்ணீர், காலை இழுத்தால் ஈரம், முனகல் இந்த மாதிரி இருந்தால் பசி, அந்த மாதிரி இருந்தால் வலி என்று இந்த இரண்டரை வருடத்தில் ஒரு பாஷையே படித்திருப்பீர்கள், அது உங்கள் வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

அந்த ராத்திரி விஷயத்துக்கும் இதிலிருந்துதான் வருகிறேன். உங்களைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை, நர்ஸாகச் சொல்கிறேன். வலது கை இல்லை, வாய் இல்லை, அவருக்கு மிச்சம் இருக்கிற வாய் அந்த இடது கைதான். புடவையை இழுத்தது வம்புக்காக இருக்காது, ஏதோ சொல்ல வந்திருப்பார். ஒரே ராத்திரியில் மூன்று தடவை துணி மாற்ற வேண்டி வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், எப்போதும் அப்படியா, இல்லை சமீபத்தில்தானா? சமீபமாக என்றால், சிறுநீர் வாடை அதிகமாக இருந்தால், லேசாகக் காய்ச்சல் இருந்தால், வழக்கத்துக்கு மாறாகக் குழப்பமாக இருந்தால், டாக்டரிடம் சொல்லி முதலில் யூரின் டெஸ்ட் எடுங்கள். படுக்கையில் இருப்பவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று சகஜம், எரிச்சல் தாங்காமல் கையில் கிடைத்ததைப் பிடித்து இழுப்பார்கள். அப்புறம் அவர் அழுதது. பக்கவாதத்துக்குப் பிறகு பலருக்குச் சட்டென்று அழுகை வரும், மூளையில் அடிபட்டதில் அதுவும் ஒன்று, தொட்டதற்கெல்லாம் கண்ணீர் வரும். அதனால் அந்தக் கண்ணீரை முழுக்க உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டாம். ஆனால் கொஞ்சம் எழுதத்தான் வேண்டும். அடித்தது தப்புதான், அதை நான் இல்லை என்று சொன்னால் நீங்களே நம்ப மாட்டீர்கள்.

அதற்குப் பரிகாரம் என்று எந்தக் கோயிலையும் தேடிப் போகாதீர்கள். பேச்சுப் போனவர்களுக்கெல்லாம் புரிவதும் போய்விடுவதில்லை, வார்த்தை எட்டாவிட்டாலும் குரல் எட்டும். இன்றைக்கு மத்தியானம் அவர் சாப்பிட்டு நிதானமாக இருக்கும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அடித்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, அன்னைக்கு ராத்திரி தெரியாம அடிச்சுட்டேன், மன்னிச்சுக்கோங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மனதுக்குள் சொல்லாதீர்கள், சத்தமாகச் சொல்லுங்கள். ஒரு மாதமாக நீங்கள் சாமியிடம் கேட்டுக்கொண்டிருக்கிற மன்னிப்பு இருக்கிறதே, அது போக வேண்டிய விலாசம் அந்தக் கட்டில்தான். மறுபடி அந்த மாதிரி கோபம் ஏறினால், கட்டிலின் தடுப்பை ஏற்றி வைத்துவிட்டு (தடுப்பு இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் நாற்காலியை நெருக்கிப் போட்டுவிட்டு) வாசலில் போய் ஐந்து நிமிடம் நில்லுங்கள். ஈரத்துணி ஐந்து நிமிடம் கிடந்தால் ஒன்றும் ஆகாது.

நான் வேலை பார்த்த ஒரு வார்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஆண்கள் மெடிக்கல் வார்டு, அட்டெண்டர் யாரும் இல்லாத கிழவர்கள் எப்போதும் நாலைந்து பேர் இருப்பார்கள். எங்கள் வார்டு ஊழியர் ஒருவர், முஸ்லிம், அப்போதே ஐம்பதைத் தாண்டியவர். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குக் கிளம்புவதற்கு முன்னால், டீக்கடையிலிருந்து ஒரு டம்ளரில் வெந்நீர் வாங்கி வருவார், சொந்தக் காசில் வாங்கிய பிளேடு, ஒரு சோப்புத் துண்டு, தோளில் துண்டு. அந்த ஆளில்லாத கிழவர்களுக்கு வரிசையாகச் சவரம் செய்துவிடுவார். இரண்டு விரலால் கன்னத்தை லேசாக இழுத்துப் பிடித்து, தாடைக் குழியில் மெதுவாக, வாய் கோணிப்போன பக்கம் இன்னும் மெதுவாக. முடித்ததும் துண்டால் ஒற்றிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்கண்ணாடியை எடுத்து அவர்கள் முகத்துக்கு நேரே காட்டுவார். நினைவே சரியாக இல்லாத ஒரு நோயாளிக்கும் அப்படிக் காட்டிக்கொண்டிருந்தபோது நான் வேலை அவசரத்தில், "அவருக்கு என்ன தெரியப்போகுது, சீக்கிரம் நகருங்க" என்றேன். அவர் கண்ணாடியை எடுக்காமலே, "தெரியலைன்னா என்ன சிஸ்டர், முகம் அவரோடதுதானே" என்றார். அப்புறம் டம்ளரைக் கழுவி டீக்கடையில் கொடுத்துவிட்டுத் தொழுகைக்குப் போனார். அவர் மதத்தைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. அவர் தொழுகிறவர் என்பதே அந்த வெள்ளிக்கிழமை அவசரத்தால்தான் எங்களுக்குத் தெரியும்.

இந்த இடத்தில் நான் நிறுத்திவிட்டால், "ஆகவே அம்மா, நீங்கள் செய்வதே பெரிய பூஜை, தொடர்ந்து செய்யுங்கள்" என்று முடிந்துவிடும், உங்கள் குடும்பத்தில் எல்லாரும் இதை வெட்டி ஒட்டி உங்களுக்கே அனுப்பிவைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவார்கள். அதனால் நிறுத்தவில்லை. மருமகளைத் தெய்வம் என்று சொல்வது மலிவு, ஒரு ராத்திரி கண் விழிப்பதுதான் விலை.

பண்டரிபுரத்துக் கதை தெரியும்தானே? புண்டலீகன் அப்பா அம்மாவுக்குப் பணிவிடை செய்துகொண்டிருக்கும்போது பகவானே வாசலில் வந்து நின்றார். கை வேலையாக இருக்கிறது, கொஞ்சம் பொறு என்று ஒரு செங்கல்லைத் தூக்கிப் போட்டான், அவரும் அதன்மேல் ஏறி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார், இன்னும் நிற்கிறார். சாமியைக் காக்க வைத்ததற்கு அவனுக்குத் தண்டனை கிடைக்கவில்லை என்பது உங்களுக்கான சேதி. முன்னால் பெற்றவர்களைப் படுத்தி எடுத்தவன்தான் அவன் என்பதும், உங்கள் ஒரு அடியோடு வைத்துப் பார்த்தால், உங்களுக்கான சேதிதான். ஆனால் உங்கள் கணவருக்கும் நாத்தனாருக்கும் அதில் வேறு சேதி இருக்கிறது. புண்டலீகன் மருமகள் இல்லை, மகன்.

நாத்தனாரைக் குறை சொல்ல நான் தயாரில்லை. கிரிவலம் 14 கிலோமீட்டர், வெறுங்காலில் நடந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அதில் பக்தி இல்லை என்று சொல்ல நான் யார்? தவிர, அப்பாவை அந்தக் கோலத்தில் பார்க்கப் பயந்து வராமல் இருக்கிற மகள்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், என்ன செய்வதென்று தெரியாமல் மலையைச் சுற்றுவார்கள். அதனால் குத்தலாகப் பேசாமல் வேலையாகப் பேசுங்கள். "வந்து பார்த்துட்டுப் போங்க" என்றால் வரமாட்டார்கள், வந்தாலும் சோபாவில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போவார்கள். "மாசத்துல ரெண்டாவது ஞாயிறு காலையில எட்டு மணியிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அப்பாவை நீங்க பாத்துக்கணும், முதல் தடவை நான் கூட இருந்து சொல்லித் தர்றேன்" என்று நாளும் நேரமும் வைத்துக் கேளுங்கள். கணவரிடமும் அப்படித்தான். சனி ராத்திரி துணி மாற்றுவது அவர் பொறுப்பு, நீங்கள் மகன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறீர்கள். தெரியாது என்பார். தெரியாமல் ஆரம்பித்ததுதானே நீங்களும்? பிளஸ் டூ பையனும் தாத்தாவுக்குத் தினமும் பத்து நிமிடம் பேப்பர் படித்துக் காட்டலாம், அதனால் மார்க் குறையாது.

பக்தி போய்விட்டதா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் கேள்வி இருக்கிறது. கோயிலுக்குப் போகத்தான் மனம் வரவில்லையா, இல்லை பூ வாங்கவும் தோன்றவில்லையா? பிடித்த சீரியல், பிடித்த பாட்டு, அக்கம்பக்கத்தில் பேச்சு, வாய்க்கு ருசியாகச் சாப்பிடுவது, இதெல்லாம் எப்படி இருக்கிறது? எல்லாமே விட்டுப்போயிருந்தால் அது பக்தி சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. இரண்டரை வருடத் தூக்கக் கடன், அதன்மேல் ஒரு மாதக் குற்ற உணர்ச்சி, இது மனச்சோர்வாக இருக்கலாம், இதற்கு வைத்தியம் உண்டு. 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு (அரசின் மனநல உதவி எண்) கூப்பிடுங்கள், இலவசம், தமிழிலேயே பேசலாம், ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள். அப்புறம் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் மக்களைத் தேடி மருத்துவத்தில் மாமனார் பெயரைப் பதியச் சொல்லுங்கள். 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிற திட்டம், சர்க்கரை, பிரஷர் மாத்திரை மட்டும் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் புண் பார்ப்பதும் அதிலேயே இருக்கிறது. பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ராத்திரியும் அதே கணக்குத்தான், ஆனால் ஏர் பெட் இருந்தால் டாக்டரைக் கேட்டு ராத்திரி இடைவெளியைக் கொஞ்சம் நீட்டிக்கொள்ளலாம், உங்களுக்கு அது ஒரு மணி நேரத் தூக்கம்.

விரதம், விளக்குப் பூஜை எல்லாம் திரும்பி வரும்போது வரட்டும். திருமூலர் ஒரு பாட்டில் எல்லாராலும் முடிகிற நாலு காரியம் சொல்கிறார்: சாமிக்கு ஒரு பச்சிலை, மாட்டுக்கு ஒரு வாய்ப் புல், சாப்பிடும்போது அடுத்தவருக்கு ஒரு கைப்பிடி, பிறரிடம் ஒரு நல்ல வார்த்தை. நாலாவதுதான் சுலபம் என்று சின்ன வயதில் நினைத்தேன், காசு செலவில்லையே என்று. நைட் டியூட்டியில் நாலாவது தடவை மணி அடிக்கிற நோயாளியிடம் போய் நின்று பார்த்தபோது தெரிந்தது, மூன்றையும் முதலில் சொல்லிவிட்டு அதைக் கடைசியில் ஏன் வைத்தார் என்று. அது என் வியாக்கியானம், புலவர்கள் மன்னிக்கட்டும். உங்களுக்கு இப்போதைக்கு முதலாவது போதும். கொல்லையில் துளசியோ வில்வமோ இருந்தால் ஒரு இலை, சாயங்காலம் ஒரு திரி, ஒரு நிமிடம். ஏற்றிவிட்டு மாமனார் கண்ணில் படுகிற மாதிரி அந்த அறைக் கதவைத் திறந்து வையுங்கள், அவரும் இத்தனை நாளாக விளக்கைப் பார்க்காமல்தானே கிடக்கிறார்?

எதிர்வீட்டுப் பெரியம்மாவோடு சண்டை வேண்டாம், தெரிந்ததைச் சொல்லியிருக்கிறார். அவர் தினம் கோயிலுக்குப் போகிறவராக இருந்தால் ஒரு வேலை கொடுங்கள், வரும்போது கொஞ்சம் விபூதி கொண்டுவந்து அவர் கையாலேயே மாமனார் நெற்றியில் பூசிவிட்டு, பெயர் சொல்லி நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகட்டும். படுத்த படுக்கையில் இருப்பவருக்கு வெளி முகம் ஒன்றைப் பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் உள்ளே விடுவதற்கு முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வரச் சொல்லுங்கள், வெளியிலிருந்து கிருமி கொண்டுவருகிற கை அவருடையதுதான்.